மேல்மடையும் கடைமடையும்



இதய நோய் என்று சொன்னால் நம் மக்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மாரடைப்பு. இன்று நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை. ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றியும் பேசப்போவதில்லை. இதயத்துக்குள் இரவு பகலாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் வால்வுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் ஒரு வால்வு மட்டும் பழுதான கதையைச் சொல்ல வரவில்லை. ஒரே இதயத்தில் இரண்டு வால்வுகள், சில நேரம் மூன்று வால்வுகள் சேர்ந்து பழுதாகும்போது அந்த மனிதருக்கு என்ன ஆகிறது? ஒலி அலையை அனுப்பி அவருடைய இதயத்தை எடுக்கும் எக்கோ படத்தில் என்ன தெரிகிறது? என்ன தெரியாமல் போகிறது? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எக்கோ அறையின் இருட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த இருட்டு எனக்குக் கற்றுத்தந்த ஒரே ஒரு பாடத்தைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன். பழுதான வால்வு ஒன்று, பக்கத்து வால்வின் பழுதை மறைத்துவிடும். அல்லது ஊதிப் பெரிதாக்கிக் காட்டிவிடும். ஆகையால் ஒரு வால்வைத் தனியாகப் பார்க்கக் கூடாது.

அன்பர்களே, உங்களில் பலர் வயலும் வாய்க்காலும் தெரிந்தவர்கள். உங்களுக்கு மேல்மடை தெரியும், கடைமடை தெரியும். மேல்மடை அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. அந்தக் கடைமடையும் தூர்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரே வராதபோது அது தூர்ந்து கிடப்பது யாருக்குத் தெரியும்? மேல்மடையை வெட்டி விட்ட அன்றுதான் தெரியும். பாய்ந்து வந்த தண்ணீர் கடைமடையில் முட்டி நிற்கும். இடையில் உள்ள கரை உடையும். இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

இதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். உடம்பெல்லாம் சுற்றி வந்த ரத்தம் வலது மேலறைக்கு வருகிறது. டிரைகஸ்பிட் வால்வைத் தாண்டி வலது கீழறைக்குப் போகிறது. பல்மனரி வால்வைத் தாண்டி நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்புகிறது. மைட்ரல் வால்வைத் தாண்டி இடது கீழறை. அயோர்ட்டிக் வால்வைத் தாண்டிப் பெருந்தமனி. அங்கிருந்து மறுபடி உடம்பெங்கும். ஒரே வரிசை, ஒரே ரத்தம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் இந்தக் கதவுகள் திறந்து மூட வேண்டும்.

இந்தக் கதவுகளுக்கு வரும் பழுது இரண்டே வகைதான். முழுதாகத் திறக்காமல் போவது சுருக்கம். முழுதாக மூடாமல் போவது கசிவு. நல்ல மைட்ரல் வால்வு திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். உங்கள் பையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அகலம். நோய் முற்றிய வால்வில் அது 1 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். நாணயத்தின் வழியே போக வேண்டிய ரத்தம் நகத்தின் வழியே போக வேண்டும். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

சுருக்கம் அடைபட்ட மடை என்றால், கசிவு ஓட்டைச் சால். கவலை இறைத்த காலத்தை இங்கே உள்ள பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். சாலில் ஓட்டை இருந்தால் இறைத்த தண்ணீரில் பாதி கிணற்றுக்கே திரும்பும். பாத்தி நனைய வேண்டுமானால் மாடு இரண்டு மடங்கு நடக்க வேண்டும். வால்வு கசிந்தால் இதயம் அந்த மாடு. உழைத்து உழைத்து ஒரு நாள் தளர்ந்து விழும்.

சரி, இரண்டு வால்வுகளின் பழுது ஒரே இதயத்தில் சேர்ந்து வருமா? வரும். நிறையவே வரும். ஐரோப்பாவில் 2001ஆம் ஆண்டு வால்வு நோயாளிகளை ஆய்வு செய்தபோது ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வால்வுகள் பழுதாகியிருந்தன. பணக்கார நாடுகளின் கணக்கே இது. நம் பக்கம் எப்படி? 2010 முதல் 2012 வரை ஆப்பிரிக்காவின் 12 நாடுகளிலும் இந்தியாவிலும் ஏமனிலும் ருமாட்டிக் இதய நோயாளிகள் 3,343 பேரைப் பதிவு செய்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வால்வுகளில் நோய் இருந்தது. அவர்களின் நடு வயது எவ்வளவு தெரியுமா? 28. மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். இருபத்தெட்டு வயது! நம் வீட்டில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணின் வயது.

இந்த ருமாட்டிக் நோய் எங்கே தொடங்குகிறது? ஒரு குழந்தையின் தொண்டையில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப்புண் வருகிறது. நாலு நாளில் ஆறிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வருகிறது. முழங்கால் வீங்குகிறது. அது வடிந்ததும் கணுக்கால் வீங்குகிறது, பிறகு முழங்கை. மூட்டுக்கு மூட்டு தாவுகிறது. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் படை, ஆள் மாறி இதய வால்வைத் தாக்குகிறது. மூட்டு வீக்கம் போய்விடும். வால்வில் விழுந்த வடு போகாது. பல ஆண்டுகளில் வால்வின் இதழ்கள் தடிக்கின்றன, ஓரங்கள் ஒட்டிக்கொள்கின்றன, கடைசியில் அது மீனின் வாய்போல ஆகிவிடுகிறது. மைட்ரல் வால்வைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கும். அதோடு நிற்காமல் அயோர்ட்டிக் வால்வுக்கும் பலருக்குப் பரவும்.

இளையவர்களுக்கு இது என்றால் முதியவர்களுக்கு வேறு வழி. எழுபது வயதைத் தாண்டும்போது அயோர்ட்டிக் வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. அதே நேரத்தில் மைட்ரல் வால்வும் தளர்ந்து கசியத் தொடங்குகிறது. காரணம் வேறு, வயது வேறு. வந்து நிற்கும் சிக்கல் ஒன்றே.

நண்பர்களே, இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லியே ஆக வேண்டும். எக்கோ என்ற கருவி எதற்காகப் பிறந்தது? இதைப் போன்ற ஒரு சிக்கலைத் தீர்க்கவே பிறந்தது.

1950களின் தொடக்கம். ஸ்வீடனில் லுண்ட் என்ற நகரம். அந்த ஊரில் எட்லர் என்ற இதய மருத்துவர். மைட்ரல் வால்வின் சுருக்கத்தை அறுவை செய்து விரித்துவிடும் முறை அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. எட்லருக்கு ஒரு கவலை. இந்த நோயாளிக்கு இருப்பது வெறும் சுருக்கமா? சுருக்கத்தோடு கசிவும் இருக்கிறதா? கசியும் வால்வை விரித்துவிட்டால் கசிவு இன்னும் பெருகுமே! நெஞ்சைத் திறக்காமல் இதை அறிய வழி உண்டா?

அதே ஊரில் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் இருந்தார். நோபல் பரிசு பெற்ற குஸ்டாவ் ஹெர்ட்ஸின் மகன் அவர். மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிச் சோதிக்கும் கருவி இருப்பது அவருக்குத் தெரியும். 1953இல் அந்தக் கருவியைத் தன் நெஞ்சின் மேலேயே வைத்துப் பார்த்தார். எதிரொலி வந்தது. அது இதயத்தோடு சேர்ந்து அசைந்தது! அந்த ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் எட்லரும் ஹெர்ட்ஸும் அசையும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். எக்கோ பிறந்தது. கப்பலின் விரிசலைத் தேடிய ஒலி, வால்வின் பழுதைத் தேடத் தொடங்கியது.

பின்னால் டாப்ளர் வந்து சேர்ந்தது. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் ஒலி கூர்மையாகக் கேட்கிறது, கடந்து போகும்போது தணிந்து கேட்கிறது. இந்த உண்மையின் அடிப்படையை கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்னார். அதே உண்மையைக் கொண்டு ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளக்கலாம். 1970களில் நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் நகரத்தில் லிவ் ஹாட்லே என்ற பெண் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்த வேகத்திலிருந்து வால்வின் சுருக்கத்தைக் கணக்கிடும் வழியை மருத்துவ உலகுக்குப் பழக்கித் தந்தார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை. நோயாளி இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார். நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி ஒரு கருவியை வைக்கிறோம். அறையில் விளக்கை அணைக்கிறோம். திரையில் இதயம் துடிக்கிறது. ஒலிபெருக்கியில் ரத்தம் 'உஸ்ஸ், உஸ்ஸ்' என்று சீறுகிறது.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். ரத்தத்தின் வேகத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். பிறகு நான்கால் பெருக்குங்கள். வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு கிடைத்துவிடும். வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் மும்மூன்று ஒன்பது, ஒன்பதை நான்கால் பெருக்கினால் 36. வேகம் 4 மீட்டர் என்றால் நானான்கு பதினாறு, பதினாறை நான்கால் பெருக்கினால் 64. அயோர்ட்டிக் வால்வில் வேகம் 4 மீட்டரைத் தொட்டால் சுருக்கம் கடுமையானது. 3 மீட்டர் என்றால் மிதமானது. இதுதான் நாங்கள் படித்த பாடம்.

பாடம் சரிதான். ஆனால் ஓட்டம் சரியாக இருந்தால் மட்டுமே அந்தப் பாடம் சரி.

இப்போது உங்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். செங்கல் சூளையில் கல் சுமந்தவர். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது இருக்கும். படியேறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூங்க முடிகிறது. எக்கோ பார்த்தேன். மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியிருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அயோர்ட்டிக் வால்வும் தடித்துத்தான் இருந்தது. ஆனால் வேகம் 3 மீட்டர்தான் வந்தது. கணக்குப் போட்டேன், 36. 'அயோர்ட்டிக் சுருக்கம் மிதம்' என்று எழுதினேன். ஆம், அந்த அறிக்கையை எழுதியவன் நான்.

மைட்ரல் வால்வுக்கு பலூன் சிகிச்சை நடந்தது. 1980களில் ஜப்பானிய மருத்துவர் இனோவே உருவாக்கித் தந்த அருமையான முறை அது. தொடையின் ரத்தக்குழாய் வழியாக பலூனைக் கொண்டுபோய் ஒட்டிய இதழ்களைப் பிரித்துவிடுவது. மறுநாள் வார்டுக்குப் போனேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"பூ மாதிரி இருக்கு சார். நேத்து ராத்திரி ஒரே ஒரு தலகாணி வச்சுப் படுத்தேன்."

எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மூன்று வாரம் கழித்து அவருடைய அக்கா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

"அடிபம்புல தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே கண்ணு இருட்டி விழுந்துட்டா சார். திரும்பவும் மூச்சு வாங்குது."

மறுபடி எக்கோ. மைட்ரல் நன்றாகத் திறந்திருந்தது. அயோர்ட்டிக் வால்வின் மேல் கருவியைத் திருப்பினேன். அந்தச் சீற்றம் இன்றும் என் காதில் இருக்கிறது. வேகம் 4 மீட்டர். கணக்கு 64. கடுமையான சுருக்கம்!

மூன்றே வாரத்தில் ஒரு வால்வு இறுகிவிடுமா? இறுகாது. அது முன்பே அப்படித்தான் இருந்தது. மேல்மடை அடைத்திருந்ததால் கடைமடைக்கு ரத்தம் போதுமான அளவு வரவில்லை. வராத ரத்தம் எப்படி வேகமாகப் பாயும்? மேல்மடையைத் திறந்துவிட்டோம். ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. 36 என்று படுத்திருந்த எண் 64 என்று எழுந்து நின்றது. வால்வு மாறவில்லை, ஓட்டம் மாறியது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வேகத்தை மட்டும் நம்பாமல், வால்வு திறக்கும் பரப்பைக் கணக்கிட்டிருக்க வேண்டும். பரப்பு 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால், வேகம் குறைவாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இதழ்கள் எவ்வளவு அசைகின்றன என்று நின்று பார்த்திருக்க வேண்டும். தொண்டை வழியாகக் கருவியை இறக்கி அருகிலிருந்து படம் எடுத்திருக்கலாம். முதியவர்களுக்கு சி.டி. ஸ்கேனில் வால்வில் படிந்த சுண்ணாம்பின் அளவைப் பார்ப்பார்கள். ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் சுண்ணாம்பின் அளவு மாறாது. ருமாட்டிக் வால்வில் சுண்ணாம்பு குறைவாக இருக்கும் என்பதால் அந்த வழி அவருக்கு அவ்வளவாக உதவாது. ஆகவே கண்ணும் கணக்கும் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். முதலிலேயே தெரிந்திருந்தால் நெஞ்சை ஒரே தடவை திறந்து இரண்டு வால்வுகளையும் சேர்த்தே சரிசெய்வதைப் பற்றி யோசித்திருப்போம். பின்னால் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அயோர்ட்டிக் வால்வை மாற்றினார்கள். அவர் பிழைத்தார். அன்றிலிருந்து என் மேசையில் எந்த அறிக்கையும் ஒரே ஓர் எண்ணோடு வெளியே போனதில்லை.

அன்பர்களே, இது ஒரு ஜோடியின் கதை. மற்ற ஜோடிகள் எப்படி?

அயோர்ட்டிக் சுருக்கமும் மைட்ரல் கசிவும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? இடது கீழறைக்கு முன்வாசல் குறுகிவிட்டது, பின்வாசல் சரியாக மூடவில்லை. உள்ளே அழுத்தம் ஏற ஏற, ரத்தம் எளிய வழியைத் தேடிப் பின்வாசலில் பீறிடும். எக்கோவில் கசிவு பெரிதாகத் தெரியும். முன்வாசலில் ரத்தம் குறைவாகப் போவதால் சுருக்கம் சிறிதாகத் தெரியும். ஒன்று ஊதிக் காட்டப்படுகிறது, மற்றொன்று மறைக்கப்படுகிறது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக அயோர்ட்டிக் வால்வைப் பொருத்தும் முறையை 2002இல் பிரான்சில் அலேன் கிரிபியே முதன்முதலில் ஒரு மனிதருக்குச் செய்து காட்டினார். அப்படி முன்வாசலைச் சரிசெய்த பிறகு பின்வாசல் கசிவு தானாகக் குறைந்தவர்கள் பலர். குறையாதவர்களும் உண்டு. இதழே பழுதானவர்களுக்குக் கசிவு எளிதில் குறையாது. கீழறை விரிந்ததால் வந்த கசிவு என்றால் குறைய வாய்ப்பு அதிகம். யார் எந்த வகை என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்வது எக்கோ மருத்துவரின் கடமை.

மைட்ரல் சுருக்கமும் அயோர்ட்டிக் கசிவும் சேர்ந்து வந்தால்? மைட்ரல் சுருக்கத்தை அளக்க எங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடு பாதியாகக் குறைய எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று பார்ப்போம். 220ஐ அந்த எண்ணால் வகுத்தால் வால்வின் பரப்பு. 220 மில்லிநொடி ஆனால் பரப்பு 1. கடுமையான சுருக்கம். ஆனால் அயோர்ட்டிக் வால்வும் கசிகிறது என்றால், கீழறைக்குள் இரண்டு பக்கமிருந்தும் ரத்தம் வந்து விரைவில் நிரம்பிவிடும். அழுத்த வேறுபாடு வேகமாக மறைந்துவிடும். 110 மில்லிநொடியில் முடிந்துவிட்டால் சூத்திரம் என்ன சொல்லும்? பரப்பு 2 என்று சொல்லும். கடுமையான நோயை இலேசான நோய் என்று சொல்லிவிடும்! சூத்திரத்தின் மேல் குற்றமில்லை. அது ஒரு வால்வு மட்டும் பழுதானவர்களை வைத்துக் கண்டறிந்த சூத்திரம். இரண்டு பழுதானவரிடம் அதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கே வால்வின் வாயைத் திரையில் நேராகப் பார்த்து, அதன் ஓரத்தை வரைந்து, பரப்பை அளக்க வேண்டும்.

இரண்டு வால்வும் கசிந்தால்? அதுதான் இதயத்துக்கு மிகப் பெரிய சுமை. இரண்டு ஓட்டைச் சாலை ஒரே மாடு இழுக்கிறது. கீழறை விரிந்துகொண்டே போகும். அப்போதும் அறிக்கையில் "பம்பிங் 60 சதவீதம், நார்மல்" என்று இருக்கும். நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அந்த 60இல் ஒரு பங்கு முன்னே போகவில்லை, பின்னே திரும்பிக்கொண்டிருக்கிறது! மைட்ரல் கசிவு கடுமையாக உள்ளவருக்கு பம்பிங் 60க்குக் கீழே இறங்கினாலே இதயத் தசை தளர்கிறது என்று பொருள்.

நான்காவதாக, எல்லோரும் மறந்துவிடும் டிரைகஸ்பிட் வால்வு. இடது பக்கத்து வால்வுகள் ஆண்டுக்கணக்கில் பழுதாகிக் கிடந்தால் அழுத்தம் நுரையீரலுக்கு ஏறும். அங்கிருந்து வலது பக்கத்தை அழுத்தும். வலது கீழறை விரியும், டிரைகஸ்பிட் வால்வு கசியும். கால் வீங்கும், வயிறு உப்பும், கல்லீரல் கனக்கும். அந்தக் கசிவு கடுமையானால் இடது பக்கத்துக்கு வரும் ரத்தமே குறைந்துவிடும். ரத்தம் குறைந்தால் இடது பக்கத்து எண்களெல்லாம் மறுபடி தாழ்ந்து காட்டும். வட்டம் எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து நிற்கிறது, பாருங்கள்! இடது பக்கத்துக்கு அறுவை செய்யும்போதே இதையும் சேர்த்துச் சரிசெய்யாமல் விட்டால், சில ஆண்டுகள் கழித்து இதற்காக மறுபடி நெஞ்சைத் திறப்பது மிகவும் ஆபத்தானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'அயோர்ட்டிக் மிதம், மைட்ரல் மிதம்' என்று ஓர் அறிக்கை வருகிறது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? மிதம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். பெரியோர்களே, இரண்டு மிதம் சேர்ந்தால் மிதம் ஆகாது. ஒரு தலைச்சுமையைத் தாங்குகிறவர் மேல் இன்னொரு தலைச்சுமையை ஏற்றினால் அவர் சுமப்பது இரண்டு சுமை. இதயத் தசைக்குத் தெரிவது மொத்தச் சுமை மட்டும்தான். எந்த வால்வு எவ்வளவு என்ற பாகப்பிரிவினை அதற்குத் தெரியாது. இரண்டு மிதமான பழுதுகள் சேர்ந்து, ஒரு கடுமையான பழுது செய்யும் கேட்டைச் செய்யும். மருத்துவ உலகின் வழிகாட்டி நூல்கள் ஒற்றை வால்வு நோய்க்குத் தெளிவாக எல்லை வகுத்துத் தருகின்றன. கூட்டு வால்வு நோய்க்கு வரும்போது, ஆதாரம் குறைவு, ஆளைப் பார்த்து முடிவெடுங்கள் என்று அவையே ஒப்புக்கொள்கின்றன.

ஆளைப் பார்ப்பது என்றால் என்ன? எனக்கு அதுதான் இந்தப் பேச்சின் உயிர். வால்வு நோயாளிகள் தங்கள் நோயைச் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை? அவர்களுக்கே தெரிவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் மாடிக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். சந்தைக்கு நடந்து போனவர் பேரனை அனுப்பத் தொடங்குவார். இரண்டு குடம் தண்ணீர் எடுத்தவர் ஒரு குடமாக்கிக்கொள்வார். "மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டால் "இல்லையே" என்பார். பொய்யில்லை. மூச்சு வாங்கும் வேலைகளையெல்லாம் வாழ்க்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஆகவே நான் வேறு விதமாகக் கேட்கப் பழகினேன். "போன வருஷப் பொங்கலுக்குச் செஞ்ச எந்த வேலைய இந்த வருஷம் செய்யல?" அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வரும். எந்தக் கருவியும் தராத பதில் அது.

கர்ப்பிணிகளைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. அதுவரை சத்தமில்லாமல் இருந்த சுருக்கம் ஐந்தாறு மாதத்தில் வெளியே வந்துவிடும். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு மூச்சு முட்டினால், மாசமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லி உட்கார வைத்துவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவில் இருமி எழுந்து உட்காருகிறாள் என்றால் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரத்தசோகையும் அப்படித்தான். சோகை வந்தால் இதயம் ரத்தத்தை வேகமாக ஓட்டும். ஓட்டம் மாறினால் எண் மாறும். அதே வால்வு, வேறு எண்.

அப்படியானால் நோயாளியும் குடும்பத்தாரும் என்ன செய்ய வேண்டும்? நான்கே நான்கு கேட்கிறேன்.

முதலாவது, எக்கோ அறிக்கையைக் கையில் வாங்கியதும் கேளுங்கள்: "நாலு வால்வும் எப்படி இருக்கு டாக்டர்? ஒண்ணு சேர்ந்து என்ன பண்ணுது?" இந்தக் கேள்வியைக் கேட்க எந்தப் படிப்பும் வேண்டாம்.

இரண்டாவது, எக்கோ எடுத்த நேரத்தில் ரத்த அழுத்தம் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் மைட்ரல் கசிவும் ஏறிக் காட்டும். நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவருக்கு ஒரே துடிப்பை அளந்து முடிவு சொல்லக் கூடாது. பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். மஞ்சள் பையோ, துணிப் பையோ, எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். ஓர் அறிக்கை சொல்லாததை ஐந்து அறிக்கைகள் சேர்ந்து சொல்லும்.

நான்காவது, பல்லைப் பேணுங்கள். பழுதான வால்வில் கிருமி குடியேறும் வாசல்களில் ஒன்று ஈறும் பல்லும்.

மருத்துவராகப் போகும் மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஒரு வால்வில் பழுதைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். கருவியை வைப்பதற்கு முன் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். 1816இல் பாரிஸில் லென்னெக் கண்டுபிடித்துத் தந்த அந்தக் குழாய்க்கு இன்னும் வயதாகிவிடவில்லை. காதில் கேட்டதும் திரையில் தெரிந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால், மறுபடி பாருங்கள். எந்த வால்வை முதலில் தொடுவது, இரண்டையும் ஒன்றாகச் செய்வதா, பலூனா, அறுவையா என்ற முடிவை ஒருவர் தனியாக எடுக்க வேண்டாம். இதய மருத்துவரும் அறுவை நிபுணரும் எக்கோ பார்த்தவரும் ஒரே மேசையில் உட்காருங்கள். இரண்டு வால்வை மாற்றும் அறுவையில் ஆபத்து கூடுதல். உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுவதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும். குழந்தை பெற விரும்பும் இளம்பெண்ணுக்கு அந்த மாத்திரையே ஒரு பிரச்சினை. அத்தனையும் எடை போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வால்வு செய்ய நம் நாட்டுக்குக் கை இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஆய்வு நிலையத்தில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலை எட்டாத ஏழைகளுக்கு அது உயிர் கொடுத்தது. ஆனால் அன்பர்களே, சிறந்த வால்வு எது தெரியுமா? பிறக்கும்போது நமக்குக் கிடைத்த வால்வுதான்.

அதைக் காப்பாற்றும் வழி மிகவும் எளியது. 5 வயது முதல் 15 வயது வரையுள்ள உங்கள் குழந்தைக்குக் காய்ச்சலோடு தொண்டைப்புண் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கம் வந்தால் தைலம் தடவிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி எழுதிக்கொடுத்தால், குழந்தை நன்றாகத்தானே ஓடியாடுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வில் இன்னொரு வடு விழும். முதல் வடு ஒரு வால்வில் விழலாம். அடுத்தது அடுத்த வால்வில் விழும். ஒரு வால்வு நோய் இரு வால்வு நோயாவது அப்படித்தான். அந்த ஊசியை இருபத்தோராம் நாள் தவறாமல் போடுகிற தாய், எந்த அறுவை நிபுணரும் செய்ய முடியாத வேலையைச் செய்கிறாள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யாருடைய எக்கோ அறிக்கையாவது பீரோவில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் நான்கு வால்வுகளின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.